பிளாஷ் இல்லாமல் எடுத்த கலியாணம்

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். கெமராவோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துப் பழகினேன்.

கெமராவைத் தம்பி கட்டாரிலிருந்து கொண்டு வந்தான். அதைச் செய்யும் கம்பெனியின் கெமராக்களில் ஆகச் சின்னது. கூடவே ஒரு லென்ஸும் இருந்தது. வெயிலில் நன்றாக எடுக்கும். வீட்டுக்குள் போனால் திணறும். பிளாஷ் போடாமல் எடுத்தால் முகமெல்லாம் மணல் தூவின மாதிரி புள்ளி விழும்.

எங்கள் முஸ்லிம் ஆட்களின் கலியாணங்களில், பெண்கள் பக்கம் ஆண்கள் வந்து படம் எடுப்பதைப் பல வீடுகளில் விரும்ப மாட்டார்கள். மாத்தளையில் எனக்கு வேலை கிடைத்தது அதனால்தான். நான் பெண், கையில் கெமரா இருக்கிறது, அவ்வளவே அவர்களுக்குப் போதும். எனக்கும் போதும். உள்ளே விட்டால் மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

உள்ளே எடுக்க வேறு லென்ஸ் வேண்டும் என்று தெரிந்தது. கண்டியில் பழைய கெமரா சாமான் விற்கும் கடையில் ஒன்று வாங்கினேன். கட்டையான லென்ஸ். உள்ளங்கையில் அடங்கும். கிட்ட, தூர என்று இழுக்க முடியாது. ஆனால் வெளிச்சத்தை அள்ளும் என்றார்கள். வீட்டில் மாட்டினேன். டக்கென்று பூட்டியது. பொத்தானை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை. படம் தெளிவுக்கு வரவே இல்லை.

கடைக்குப் போன் போட்டேன்.

"இந்த லென்ஸுக்குள்ள மோட்டர் இல்ல தங்கச்சி," என்றார் கடைக்காரர். "பெரிய கெமரான்னா அதுக்குள்ளேயே மோட்டர் இருக்கும். அது லென்ஸத் திருப்பும். உங்கட சின்னக் கெமராவுல அது இல்ல."

"அப்ப யாரு திருப்புறது?"

"நீங்கதான்." சிரித்தார். "கொண்டு வாங்க, மாத்தித் தாறேன்."

வேண்டாம் என்றேன். அதற்குள் கையால் திருப்பி ஒரு படம் எடுத்துவிட்டிருந்தேன். எங்கள் குசினியில், விளக்குப் போடாமல், மச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத் தோலின் நரம்புகூடத் தெரிந்தது. முகத்தில் மணல் இல்லை. அந்த லென்ஸை நான் விடவில்லை.

கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள், கீழே ஒரு சின்னப் பச்சைப் புள்ளி இருக்கிறது. லென்ஸின் வளையத்தைத் திருப்பிச் சரியான இடத்துக்கு வந்தால் அது எரியும். எரிந்ததும் அமுக்க வேண்டும். பிந்தினால் போச்சு. முதலில் கோழிகளை வைத்துப் பழகினேன். பிறகு திரிவீல் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த என் கணவரை.

"கோழிக்குப் பொறகு நானா?" என்றார்.

"கோழி பேசாது. நீங்க பேசுறீங்க. வாய மூடுங்க," என்றேன்.

அப்படிப் பழகியபின் வந்ததுதான் பலாபத்வலை ஊர்க் கலியாணம்.

மணமகளும் அவளுடைய உம்மாவும் முதலில் என் வீட்டுக்கு வந்தார்கள். மகள் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். படத்தில் கண் பாதி மூடிக் கிடந்தது.

"எனக்கு ஒரு படத்துலயும் கண்ணு இல்ல ராத்தா. பிளாஷ் அடிச்சா மூடிருது. நான் மூடல்ல, அதுவா மூடுது. என்ட கலியாணப் படத்துலயாவது கண்ணு வேணும்."

உம்மா வேறு கவலையில் இருந்தார். மூத்த மகளின் கலியாணப் படங்கள், அவற்றை எடுத்தவருடைய கம்பியூட்டரிலிருந்து எப்படியோ வெளியே போய், தெரியாத ஆட்களின் போனிலெல்லாம் சுற்றியிருக்கின்றன. அன்றைக்கே வீட்டுக்குள் கெமரா கூடாது என்று முடிவெடுத்துவிட்டார். இவள் அழுது கேட்டதால் இந்த ஒரு தடவை இறங்கி வந்திருக்கிறார்.

"மெமரி கார்ட் நாங்க வாங்கித் தருவோம்," என்றார். "முடிஞ்சதும் அங்கேயே கழட்டி என்ட கையில தரணும். உங்கட வீட்டுக்கு ஒரு படமும் போகக்கூடாது. பிளாஷும் அடிக்கக் கூடாது. ஏலுமா புள்ள?"

"ஏலும் மாமி," என்றேன்.

கார்ட் அங்கேயே நின்றுவிட்டால் பிறகு கம்பியூட்டரில் போட்டுத் திருத்த வழி இல்லை. இருட்டை வெளிச்சமாக்க முடியாது. நிறத்தை மாற்ற முடியாது. கெமராவுக்குள் எப்படி விழுகிறதோ அதுதான் படம். எனக்குக் கம்பியூட்டரில் திருத்தத் தெரியவும் தெரியாது. அதனால் பயம் வரவில்லை.

கலியாணத்தன்று நேரத்தோடு போனேன். பெண்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால். மேலே நீலத் தறப்பாள் கட்டி, கீழே மேடை ஜோடித்திருந்தார்கள். நல்ல மேடைதான். ஆனால் வெயில் தறப்பாளுக்குள்ளால் இறங்கி எல்லாருடைய முகத்திலும் நீலமாக விழுந்தது. கெமராவில் நிறத்தை அங்கே இங்கே மாற்றிப் பார்த்தேன். முகம் சரிவந்தால் சேலையெல்லாம் மஞ்சளானது.

"மாமி, மேடையில எடுக்க ஏலாது. முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்துல கதிரையப் போடுவோம்."

"என்ன புள்ள சொல்றீங்க? ரெண்டு நாளா ஜோடிச்ச மேடை!"

உம்மாவை அங்கே நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினேன். பார்த்தார்.

"அல்லாஹ்வே! மவுத்தாப்போன ஆள் மாதிரி, மூச்சே இல்லாம இருக்கேன்," என்றார். "கதிரையத் தூக்குங்க புள்ளைகளா!"

முன்னறையில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் அறை சின்னது. என் லென்ஸ் கிட்டவே காட்டும். சின்னக் கெமராவில் மாட்டினால் இன்னும் ஒடுங்கிவிடும். அலுமாரியில் முதுகு முட்டப் பின்னால் போயும் மணமகளின் தோள்வரைதான் அடங்கியது. மாப்பிள்ளை வந்து தாலி கட்டுவார். அவர் எங்கே அடங்குவார்?

கெமராவோடு வந்த பழைய லென்ஸை மாட்டிப் பார்த்தேன். இருவரும் அடங்குவார்கள். ஆனால் மணல் விழுந்தது. கழற்றிவிட்டேன்.

யாரோ போய் ஆண்கள் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே படம் எடுக்க வந்த இளைஞர் வாசல் திரைச்சீலைக்கு வெளியே வந்து நின்றார். சீலைக்குக் கீழால் ஒரு லென்ஸை நீட்டினார்.

"இதப் போடுங்க ராத்தா. அகலமா எடுக்கும். இருட்டிலயும் எடுக்கும்."

என் கெமராவில் வைத்துத் திருப்பினேன். பூட்டவில்லை. அவருடையது வேறு கம்பெனி. லென்ஸ் பூட்டும் வாய் வேறு. திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப நான் வாசல்ல நின்டே ஒரு படம் எடுத்துத் தாறேன் மாமி," என்றார். "உள்ள வரமாட்டேன். சின்னதா ஒரு பிளாஷ்தான்."

நல்ல மனுஷன். உதவிக்குத்தான் சொன்னார். உம்மா யோசித்தார். மாப்பிள்ளை வர நேரமாகிவிட்டது. பிளாஷ் என்ற சொல் காதில் விழுந்ததுமே மணமகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்து கன்னத்துப் பவுடரில் ஒரு கோடு விழுந்தது.

உம்மா என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏலுமா ஏலாதா? இப்பச் சொல்லுங்க."

"ஏலும். அலுமாரிய வெளியே எடுங்க."

"அலுமாரியயா?"

"ஓ, அலுமாரியத்தான்."

பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு வந்தார்கள். தள்ளினார்கள். உம்மாவின் தங்கையான சாச்சி, "படமெடுக்க வந்தாவா, வீடு மாறிப் போக வந்தாவா?" என்று மூச்சு வாங்கக் கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். அலுமாரி நின்ற இடத்தில் தூசியும் ஒரு பழைய சீப்பும் கிடந்தன. நான் அந்த மூலைக்குள் புகுந்து சுவரோடு ஒட்டினேன். இரண்டு பேருக்கும் இடம் வந்தது.

மாப்பிள்ளை வந்தார். குனிந்து தாலியைப் போட்டார். கொக்கி மாட்டவில்லை. இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தார். பின்னால் நின்ற மச்சிமார் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"மெல்ல மாப்புள, மெல்ல. அவ ஓடமாட்டா."

நான் மணமகளின் கண்ணிலேயே வளையத்தை வைத்திருந்தேன். அவள் தலை அசைந்தால் நானும் ஒரு மயிரிழை திருப்பினேன். பச்சைப் புள்ளி வந்தது, போனது, வந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், தலையைத் தூக்கினாள். புள்ளி எரிந்தது. அமுக்கினேன்.

மாப்பிள்ளை போனதும் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கெமராவின் திரையில் காட்டினேன்.

"மாப்புள எங்க?" என்றா சாச்சி.

"இந்தா."

"மங்கலா இருக்காரே! மூக்கு எது, தாடி எதுன்டு தெரியல்லயே!"

"வெளிச்சத்துக்காக லென்ஸ முழுசாத் திறந்துட்டேன் சாச்சி. அப்படித் திறந்தா ஒரு இடம்தான் தெளிவா வரும்."

சாச்சிக்குத் திருப்தி இல்லை. உம்மா கையைக் காட்டி அவவை நிறுத்தினார்.

"அவர ஆம்புளப் பக்கம் நல்லா எடுத்திருப்பாங்க. இது என்ட மகளுக்கு."

மணமகள் திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனாள். கண் முழுதாகத் திறந்திருந்தது. மை போட்ட இமையும், கருவிழிக்குள் ஜன்னலும் தெரிந்தன.

"இது என்ட கண்ணா ராத்தா?"

"வேற யாருட?"

அவள் கெமராவை உம்மாவிடம் நீட்டினாள். உம்மா நெடுநேரம் பார்த்தார். காலையிலிருந்து நான் கெமராவைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மறைத்தவர் அவர். தறப்பாளுக்குக் கீழே எடுத்த அந்த நீலப் படத்தையும் உடனே அழிக்கச் சொல்லியிருந்தார். இப்போது போய் மகளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க," என்றார். "நாளைக்கி இவ போயிருவா."

நான் மூலைக்குப் போனேன். பார்த்தேன். உம்மா கொஞ்சம் பின்னால் இருந்தார்.

"முன்னுக்கு வாங்க மாமி. தலையத் தலையோட ஒட்டி வைங்க. இல்லாட்டி ஒராள் மங்கிப் போவீங்க."

உம்மா சரிந்து மகளின் நெற்றிப் பக்கம் தலையை வைத்தார். பிறகு அழத் தொடங்கினார். நான் கெமராவை இறக்கவில்லை. பொறுத்திருந்தேன். மகள் தன் சேலை நுனியால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

வளையத்தைத் திருப்பினேன். ஒரே கோட்டில் நான்கு கண்ணும் தெளிவாக வந்தன.