சீப்பை முதலில் அவன் கையில்

1946 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. அப்பா விடியுமுன்னே சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மா பழையதும் சுட்ட கருவாடும் வைத்தாள். சாப்பிட்டுக் கும்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்டேன். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு.

எங்கள் கடற்கரையில் பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் கைகூப்பித் "தோத்திரம்" சொல்ல வேண்டும். அவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பார்கள். தம்பிக்குப் பேச்சில்லை. தலையைத் தொடவும் விடமாட்டான். பழைய பெரிய வாத்தியார் அவனைக் கண்டும் காணாததுபோல் நகர்ந்துவிடுவார். அன்று பொறுப்பேற்ற புதியவருக்கு அது தெரியாது. பிரியமாகத்தான் கையை நீட்டினார். தம்பி அலறிக்கொண்டு அந்தக் கையைக் கடித்துவிட்டான், ரத்தம் வந்தது.

"இவனை இனிமே இங்க கூட்டிட்டு வராத" என்றார்.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து திரும்பியதும் அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், அவள் சொல்லை அப்பா தட்டுவதில்லை.

"ஆசீர்வாதம் பேய்க்குத்தாம்லே ஆவாது. தெக்க கோயில்ல சங்கிலி போட்டு ஒரு மாசம் கெடந்தாம்னா எறங்கிரும்."

அவன் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் உண்டென்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் நான் கேள்விப்பட்டேன். அன்று எங்கள் தெருவில் அதற்குப் பேய் என்றுதான் பெயர். மறுநாள் காலை, கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் அவனைக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. அம்மா அவனுடைய சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் தம்பியின் வகுப்பு டீச்சர் வந்தார். சின்ன வயதுக்காரர். உள்ளே வந்து உட்காராமலே அம்மாவிடம் கேட்டார்:

"அக்கா, இவன் தலை தெனமும் படிய வாரியிருக்கு. யாரு வாருதா?"

அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்ற ஏச்சுக்குப் பயந்து, அப்பா கிளம்பிய பிறகுதான் அவள் அவனுக்குத் தலை வாருவாள்.

"நாந்தான். சீப்ப மொதல்ல அவன் கையில குடுக்கணும். அவனா ஒரு இழுப்பு இழுத்துக்கிடுவான். அதுக்குப் பொறவு விடுவான்."

"எனக்குக் காட்டித் தாங்கக்கா."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "டீச்சரம்மா, பாடம் சொல்லிக்குடுக்க வந்தீகளா, சீவிச் சிங்காரிக்க வந்தீகளா?"

"படிக்க வந்திருக்கேன்" என்றார் டீச்சர்.

அம்மா வாரிக் காட்டினாள். அடுத்து டீச்சர் முயன்றார். சீப்பைக் கொடுத்தவர், அவன் இழுத்து முடிப்பதற்குள் கையை நீட்டிவிட்டார். தம்பி சுவரில் தலையை முட்டிக்கொண்டு கத்தினான். அத்தை சிரித்தாள்.

"அவசரப்படாதீக. சீப்ப அவனே திருப்பித் தருவான். அதுவரைக்கும் கை உங்க மடியில இருக்கட்டும்" என்றாள் அம்மா. அப்பாவுக்கு முன்னால் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

அழுகை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு டீச்சர் மறுபடி சீப்பைக் கொடுத்தார். தம்பி வெகுநேரம் அதன் பற்களைத் தடவிக்கொண்டிருந்தான். ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு திருப்பி நீட்டினான். டீச்சர் வாரினார். அவன் அசையவில்லை.

"சிலேட்டு, பலகை எல்லாத்தையும் இனிமே இப்படித்தான் குடுக்கப் போறேன். பெரிய வாத்தியார்ட்ட நான் பேசுதேன். ஆனா நீங்களும் வகுப்புக்கு வரணும்க்கா. நான் செய்யது சரியான்னு பாக்கணும்."

அப்பா தம்பியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையிடம், "கோயிலுக்குப் பொறவு பாப்போம்க்கா" என்று மட்டும் சொன்னார். அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை அம்மா முதல் வேலையாக என்னை எழுப்பினாள். அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. தம்பிக்கு எதிரே என்னை உட்காரவைத்து, "இன்னைக்கு நீ வாரு" என்றாள்.

"அதான் நீ இருக்கியேம்மா" என்று சிணுங்கினேன்.

"நான் இல்லாத காலத்துல?" என்று கேட்டாள். என் கைகளை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தூக்கத்தைக் கெடுத்துவிட்டாளே என்ற கோபம்தான் எனக்கு.