ஆறு தெரியாத பிள்ளையள்

பெனிற்றா யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையில் பிறந்தவள். இப்ப லண்டனில், இல்ஃபோர்டில் இருக்கிறாள். பின்னேரங்களில் லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒரு கொம்பனிக் கந்தோர் துடைக்க என்னோடு ரயிலில் வருவாள். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் கூடுதல். தாய் தகப்பன் போன பிறகு தம்பி ஜெராட்டைத் தூக்கி வளர்த்தது அவள்தான். "நான் கலியாணம் கட்ட முதலே பிள்ளை வளர்த்தனான்" என்று பகிடி விடுவாள்.

அந்தப் பிள்ளை விசா இல்லாமல் கனடா போக வெளிக்கிட்டான். ஏஜென்சிக்காரன் ஈக்குவடோரில் இறக்கி, பஸ்ஸில் கொலம்பியாவின் கடைசி மட்டும் கொண்டுவந்து விட்டான். அங்கிருந்து பனாமாவுக்கு ரோட்டே இல்லையாம். காடும் மலையும்தான். நடக்க வேணும்.

காட்டுக்குள் இறங்கின அடுத்த நாள் அவன் போன் எடுத்தான். இங்க பின்னேரம், அங்க மத்தியானம். நாங்கள் வாளியோடு நிற்கிறோம்.

"அக்கா, ஒரு மேட்டில ஏறி நிண்டு கதைக்கிறன். இங்கதான் சிக்னல் வருது. ஆத்தங்கரையில கூடாரம் அடிக்கிறம். எங்கட கடற்கரை மாதிரி வெள்ளை மணல். தண்ணி கணுக்கால் மட்டும்தான்."

"காட்டுக்குள்ள படுக்காத ராசா, பாம்பு பூச்சி கிடக்கும். மணலிலயே படு. மாதா துணை."

எங்களோடு துடைக்கிற லுஸ் மரீனா கொலம்பியாக்காரி. அந்தக் காட்டுக்குக் கிட்டப் பிறந்தவள். எங்களுக்குள்ளே அரைகுறை இங்கிலிசுதான். பெனிற்றா சிரித்த முகத்தோடு விசயத்தைச் சொல்ல, அவள் மொப்பை நிறுத்தினாள்.

"மணலிலயா? ஆத்து மணலிலயா?"

"ஓம். நல்ல இடமாம்."

"அது ஆறு படுக்கிற இடம். மனுசர் படுக்கிற இடமில்லை."

பெனிற்றாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். யாழ்ப்பாணத்தில் எங்க ஆறு? கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். புழுக்கமான இரவில் எங்கட ஆம்பிளையள் மணலில்தான் பாயை விரிப்பினம்.

லுஸ் மரீனா ஈர மொப்பால் நிலத்தில் ஒரு கோடு இழுத்தாள். "இது மலை." இரண்டு பக்கமும் இரண்டு பட்டை. "இது ஒரு கடல், இது மற்றக் கடல். ரெண்டிலயும் இருந்து முகில் வந்து இந்த மலையில முட்டும். அங்க பெய்யிற மழையை நீ கண்டிருக்க மாட்டாய். மலையில கொட்டும், உன்ர தம்பிக்கு மேல ஒரு துளியும் விழாது. வானத்து வெள்ளியளைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். ஆறு வந்திடும். மரம், கல்லு எல்லாத்தையும் உருட்டிக்கொண்டு வரும்."

பெனிற்றா போனை அமத்தினாள். லைன் போகவில்லை. திருப்பி அமத்தினாள். திருப்பியும்.

"நானெல்லோ மணலில படு எண்டனான்... என்ர வாயாலயெல்லோ..."

"பிறகு அழு. இதுக்கு முதல் எங்கயிருந்து கதைச்சவன்?"

முதல் நாள், காட்டோரக் கிராமத்துக் கடைக்காரி ஒருத்தியின் போனில் கதைத்திருந்தான். நம்பர் கிடந்தது. லுஸ் மரீனா அதுக்கு எடுத்துத் தன் பாசையில் கதைத்தாள். முதலில் கெஞ்சுகிற குரல். பிறகு சண்டைக் குரல். இடையில் ஜெராட்டின் பெயர் மட்டும் எங்களுக்குக் கேட்டது. பெனிற்றா என் கையை நெரித்துக்கொண்டு நின்றாள்.

"கடைக்காரியின்ர மச்சான் குதிரையில சாமான் ஏத்திக்கொண்டு அந்தப் பக்கம் போறவனாம். இன்னும் வெளிக்கிடேல்லை. சொல்லிவிடுறாளாம். ஆனால் இருட்ட முதல் போய்ச் சேருவானோ தெரியாதாம்."

அன்று பெனிற்றா ஒரே மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நிலத்தில் இழுத்த மலையும் கடலும் காய்ந்து போயின. ரயிலில் செபமாலை சொன்னோம். நூறு தரம் ஆயிரம் தரம் சொன்ன அருள் நிறைந்த மரியே, பாதியில் அவளுக்கு வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் அழைப்பில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்று வேலைக்கு வந்தாள். லுஸ் மரீனா கடைக்காரிக்கு எடுத்தாள். மச்சான் இன்னும் திரும்பி வரவில்லையாம்.

வாரம் முடிகிற நேரம், வாளிக்குத் தண்ணி பிடிக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, பனாமாப் பக்கம் வந்திட்டன்."

பெனிற்றா ஈர நிலத்திலேயே குந்திவிட்டாள். தண்ணி வழிந்து ஓடியது. ஆரும் பைப்பைப் பூட்டவில்லை.

"மைமல் இருட்டுக்குள்ள ஒருத்தன் குதிரையில வந்து, மேட்டைக் காட்டிக் காட்டிக் கத்தினான். பாசை விளங்கேல்லை. ஆனால் என்ர பேரைச் சொன்னான் அக்கா. அதாலதான் நான் ஏறினன். என்னைப் பாத்து மற்றாக்களும் ஏறிச்சினம். மூண்டு கூடாரக்காரர் மட்டும் சிரிச்சவை. முகிலே இல்லையெண்டு வானத்தைக் காட்டினவை."

"பிறகு?"



"விடியப் பாத்தால் மணலே இல்லை அக்கா."

பெனிற்றா போனை லுஸ் மரீனாவிடம் நீட்டினாள். அவள் தன் பாசையில் ஏசினாள், அவன் எங்கட பாசையில் அழுதான்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பெனிற்றா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள்.

"ஜெராட்டுக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா. அந்த மூண்டு கூடாரத்துக்கு. அவையளுக்கும் மணலில படு எண்டு சொன்ன ஒருத்தி எங்கயாவது இருப்பாள். போன் அடிக்குமெண்டு பாத்துக்கொண்டிருப்பாள்."