நகராத பட்டனும் வேணுவின் துண்டும்

குணசுந்தரிக்குத் தன் வேலையை யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல பேசற வேல" என்பாள். "யார்கிட்ட பேசற?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் மாட்டிக்கொள்வாள். எதிரில் ஆளே கிடையாது என்று எப்படிச் சொல்வது?

இன்னும் வெளியே வராத ஓர் ஆப்பை அனுப்புவார்கள். டிக்கெட் எடு, மருந்து வாங்கு என்று ஏதாவது ஒரு வேலை கொடுப்பார்கள். அதைச் செய்துகொண்டே மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்கிரீனும் குரலும் பதிவாகும். பெங்களூரில் யாரோ பிறகு கேட்டு நட்சத்திரம் போடுவார்கள். அதற்குத்தான் சம்பளம்.

பொன்னேரி காலேஜில் கூடப் படித்த வினோதினி சேர்த்துவிட்டது இது. அவள் இப்போது பழவேற்காட்டில் குடித்தனம். "தமிழ்ல பேசத் தெரிஞ்சா போதும்டி, நீ பேசாத பேச்சா?" என்றாள். குணசுந்தரி அப்போது இறால் கம்பெனியில் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன. சோறு பிசைந்தால் குழம்பின் உப்பு உள்ளே போய் எரியும். வீட்டில் உட்கார்ந்து, உலர்ந்த கையோடு செய்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றதும் உடனே சரி என்றுவிட்டாள்.

ஆனால் முதல் டெஸ்டிலேயே இடறினாள். பரீட்சை ஹாலில் பேசக் கூடாது என்று பழகிய வாய். பேசு என்றாலும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே சொல்லி, சரியாக முடித்து, சந்தோஷமாக அனுப்பினாள். ஒரே ஒரு நட்சத்திரம் வந்தது. 'பேசவே இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்ததில் பேசினாள். "நல்லா இருக்கு. இதுவும் நல்லா இருக்கு. கலர் நல்லா இருக்கு." விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு, குழம்பில் உப்பில்லை என்று யார் சொல்வார்? அதற்கும் ஒரு நட்சத்திரம். 'பயனுள்ள கருத்து எதுவும் இல்லை.' கூடவே ஓர் எச்சரிக்கை: இன்னொரு முறை இப்படி வந்தால் கணக்கு மூடப்படும்.

பேசாவிட்டாலும் தப்பு, பேசினாலும் தப்பு. என்னதான் வேண்டும் இவர்களுக்கு? கணக்கு மூடினால் மறுபடி ஐஸ் தொட்டிதான். அது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

மூன்றாவதாக வந்தது மருந்து வாங்கும் ஆப். புருஷன் வேணு விடியலிலேயே மீன் பிடிக்க ஏரிக்குப் போயிருந்தான். கதவைச் சாத்தினாள். சிக்னலுக்காக செல்போனை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். லேப்டாப்பில் பதிவைத் தொடங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும்வரை எல்லாம் சரியாகவே போனது. விலாசம் போட்டாள். மேப்பில் வீட்டைக் காட்டச் சொன்னது, காட்டினாள். 'அடுத்து' என்ற பட்டனை அமுக்கினாள். நகரவில்லை. இன்னொரு முறை அமுக்கினாள். ஸ்கிரீன் அப்படியே நின்றது.

சிக்னலா? ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். நிறைய இருந்தது. தன் விரலில் கோளாறா? மற்ற இடங்களில் அதே விரலுக்கு ஆப் அசைந்தது. தொடக்கத்தில் படித்தவை நினைவுக்கு வந்தன. 'இது சோதனை வடிவம் மட்டுமே, சில பட்டன்கள் வேலை செய்யாது' என்று ஒரு வரி. 'சிக்கல் வந்தால் தெரிவிக்கவும்' என்று இன்னொரு வரி. இது வேலை செய்யாத பட்டனா, வந்துவிட்ட சிக்கலா? 'நாங்கள் சோதிப்பது ஆப்பைத்தான், உங்களை அல்ல' என்றுகூடப் போட்டிருந்தார்கள். பிறகு ஏன் நட்சத்திரம் என் பெயரில் விழுகிறது?

அந்தக் குழப்பத்தில் அவள் செய்தது ஏரிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம்.

ஏரியில் இன்ன இடத்தில் இன்று இன்னார் வலை என்று முறை உண்டு. பாடு என்பார்கள். தன் முறையில் வலை அடியில் எதிலாவது மாட்டிக்கொண்டால் வெறிபிடித்து இழுக்கக் கூடாது, கிழிந்துவிடும். கொம்பை நட்டு அதில் துண்டைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். துண்டைப் பார்த்தால் அடுத்த படகு உள்ளே வராது. முறையும் போகாது. பக்கத்தில் இருப்பவர்கள் உதவிக்கு வருவார்கள். துண்டு கட்டியவனை அம்போ என்று விட்டதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

ஸ்கிரீன் ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு பெட்டி இருந்தது. 'சிக்கல். அடுத்து பட்டன் நகரவில்லை. காத்திருக்கிறேன்' என்று அதில் எழுதினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். எதையும் தொடவில்லை. பேசவும் இல்லை.

யாரும் வரவில்லை.

வெயில் ஜன்னலில் ஏறி, செல்போனைத் தாண்டி, சுவருக்கு வந்துவிட்டது. மீனை விற்றுவிட்டு வேணு ஈரக் கைலியோடு உள்ளே வந்தபோதும் அவள் அப்படியேதான் இருந்தாள்.

"இன்னாமே, எஞ்சின் நின்னுபோன போட்டு மாதிரி உக்காந்துகினு கீற?"

"மாட்டிக்கிச்சுய்யா."

"இன்னா மாட்டிக்கிச்சு?"

"இத்தப் பாரு. வூட்டு நம்பர் கேக்குது, போட்டேன். தெரு கேக்குது, போட்டேன். மேப்புல குறி வெக்கச் சொல்லுது. நான் நம்ம ஊருல வெச்சா அது தானா நவுந்து ஏரிக்குள்ள போயி நிக்குது. கரைல இழுத்து வுட்டா திரும்பவும் தண்ணிக்கே போவுது. செரின்னு வுட்டுட்டு அடுத்துன்னு அமுக்குனா போவமாட்டேங்குது. போவமாட்டேன்னாச்சும் சொல்லணும் இல்ல? அதுவும் சொல்லமாட்டேங்குது."

வேணு துண்டால் கையைத் துடைத்துவிட்டுத் தானும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தான். "ஏரிக்குள்ள எவன்யா மாத்தர எடுத்துகினு வருவான்? இத செஞ்சவன்கிட்ட மருந்து வாங்குனா சாதா ஜுரம் சன்னியாப் பூடும்."

"சும்மா இருய்யா."

"இல்லமே, இது யாருக்குப் பரீட்ச? உனக்கா, அதுக்கா?"

"அதுக்குத்தானாம்."

"அப்ப அது பெயிலு. நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தெந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று மாத்திரைப் பெயரிலிருந்து ஒவ்வொன்றாக அவனுக்குக் காட்டினாள். எழுத்து பொடி. விலை மறைந்திருக்கிறது. திரும்பிப் போக வழியில்லை. வேணு ஒவ்வொன்றுக்கும் அந்த ஆப்பின் பரம்பரையையே இழுத்தான்.

அப்புறம்தான் கேட்டான்: "அது இன்னா மூலைல சேப்பா மின்னுது?"

குணசுந்தரி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

வினோதினிக்குப் போன் போட்டாள்.

"அடிப்பாவி, பொட்டில எழுதிட்டு வெயிட் பண்ணியா? நீ அனுப்புன பெறகுதான்டி அது அவங்க கண்ணுல படும். அங்க யாரும் உன்னப் பாத்துகினு உக்காந்து இல்ல."

"அப்ப சிக்கல் வந்தா தெரிவின்னு ஏன்டி போட்டுக்கீறாங்க?"

"எனக்கு இன்னா தெரியும். வேற வேலைக்குத் தாண்டிப் போற பட்டன் அடில இருக்கும், அத அமுக்கிட்டுப் போயிருக்கணும்."

"இப்ப அழிச்சிடட்டுமா?"

"அழிச்சா பாதில வுட்டதாக் கணக்கு. அதுக்கும் கணக்க மூடுவாங்க. அனுப்புனா... ஆமா, அண்ணன் இன்னா பேசினாரு?"

குணசுந்தரி சொன்னாள். மறுமுனையில் வினோதினி சிரித்துச் சிரித்து இருமினாள். "அனுப்புடி. மூடறதா இருந்தா அதக் கேட்டுட்டு மூடட்டும்."

தாண்டிப் போகும் பட்டன் உண்மையிலேயே அடியில்தான் இருந்தது, சாம்பல் நிறத்தில், பார்க்க வேண்டாம் என்பதுபோல. மிச்ச வேலைகளை முடித்தாள். அனுப்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

பதில் வரும்வரை அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. இறால் கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனால் கையைப் பார்த்துக்கொள்வாள். நுனிகளில் புதுத்தோல் வந்திருந்தது.

கடைசியில் நான்கு நட்சத்திரங்கள் வந்தன. 'சிக்கலை மிகத் தெளிவாக விளக்கியிருக்கிறீர்கள். நீண்ட மௌனத்தைத் தவிர்க்கவும். டெஸ்டின்போது உடன் வேறு யாரும் இருக்கக் கூடாது.'

திருப்பித் திருப்பிப் படித்தாள். கணக்கு மூடாமல் தப்பிவிட்டது, அது புரிந்தது. மற்றது புரியவில்லை. அவன் இருந்ததால்தானே விளக்கினேன்? அவன் இருக்கக் கூடாது என்றால் யாருக்கு விளக்குவது?

"அதுல எனுக்கு எத்தினி ஸ்டாரு?" என்றான் வேணு.

"உனக்குத் தட."

"பார்ரா! மச்சான் இல்லாம நீ எப்பிடிப் பேசுவ?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்த டெஸ்ட் வந்த காலையில் வேணு ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் தோளிலிருந்த துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "வேற எடுத்துகினு போ" என்றாள். அவன் ஒன்றும் புரியாமல் அவளையும் துண்டையும் பார்த்துவிட்டுப் போனான்.

லேப்டாப்புக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் அதை முடிந்தாள். மீன் வாசனை அடித்தது. பதிவைத் தொடங்கினாள். சிவப்புப் புள்ளி மின்னியது. இது சரிதானா, இதற்கும் ஏதாவது விதி இருக்குமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

பிறகு துண்டைப் பார்த்து, "இத்தப் பாருய்யா" என்று ஆரம்பித்தாள்.