வெள்ளிக்கிழமைக் கண்ணாடி

அக்காவின் காரில் ஏறுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் சீட்டின் நுனியில், இரண்டு கால்களையும் வெளியே விட்டபடி இருக்க வேண்டும். சப்பாத்துகளை ஒன்றோடொன்று அடித்து, அவர் நீட்டும் பிரஷால் மிச்ச ஸ்நோவையும் தட்டிய பிறகுதான் காலை உள்ளே எடுக்கலாம். தேத்தண்ணிப் போத்தலின் மூடியை வழியில் திறக்கவே கூடாது. கோயிலுக்குள் போவதற்குக்கூட இவ்வளவு ஆசாரம் இல்லையே என்று முதல் வாரமே பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தேன்.

நாங்கள் குடியிருந்த ரூஜிலிருந்து, பக்கத்து நகரமான அஜக்ஸில் இருந்த பிஸ்கட் பொதி செய்யும் பக்டரிக்கு நாங்கள் நான்கு பெண்கள் அவரோடு போய்வந்தோம். சொந்த அக்கா இல்லை, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்; அவரும் அங்கேதான் வேலை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காலை ஏழு மணி வேலைக்கு ஒழுங்கான பஸ் கிடையாது. மற்ற மூவரும் பழைய ஆட்கள். நான்தான் புதிது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். வீட்டில் கணவர் முதுகு ஒபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தார். அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வழியில்லை.

கடும் குளிரிலும் அக்கா ஹீட்டரோடு ஏசியையும் போடுவார். இந்த மனுசிக்கு விசர் என்றுதான் நினைத்தேன். நிப்பாட்டச் சொல்லியும் பார்த்தேன். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும், அதனால்தான் கண்ணாடியில் ஆவி படியாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். உள்ளே வருகிற ஒவ்வொரு துளித் தண்ணீரும் கடைசியில் கண்ணாடியில்தான் போய் நிற்கும் என்பது அவருடைய சித்தாந்தம். சப்பாத்து ஆசாரத்தின் காரணமும் அதுதான்.

இவ்வளவு கவனமாக இருந்தும், ஜனவரியில் குளிர் உச்சத்துக்குப் போனதும் ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக வெளுத்துப்போயின. 401 நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் பக்கக் கண்ணாடிக்கு அப்பால் வந்த லொறி அவருக்குத் தெரியவில்லை. ஹோர்ன் சத்தம் காதைக் கிழித்தது. அக்கா காரை ஓரமாக வெட்டி நிறுத்தினார். எல்லாக் கண்ணாடிகளையும் துடைத்து, வெளியே தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி எடுத்தார்.

அந்த வார இறுதியில் காரைப் பிரித்து மேயாத குறையாகச் சோதித்திருக்கிறார். காற்று வடிகட்டியை மாற்றினார். முன் கண்ணாடிக்குக் கீழே அடைத்திருந்த மேப்பிள் சருகுகளை அள்ளினார். கால்விரிப்பைத் தூக்கிப் பழைய பேப்பரை அழுத்தி ஈரம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஹீட்டர் ஒழுகினால் ஒரு இனிப்பு மணம் வருமாம், அதையும் முகர்ந்து பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. திங்கள் முதல் வியாழன் வரை கண்ணாடி தெளிவாக இருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் மூடிக்கொண்டது.

அதற்கடுத்த வியாழன் மாலை எனக்குப் போன் பண்ணினார்.

"காரணம் பிடிபடும் வரைக்கும் வெள்ளியில ஒருத்தரையும் ஏத்தமாட்டன். கோவிக்காதேங்கோ."

நான் கோபித்தேன். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. உங்களுக்கென்ன, உங்கள் வேலை நிரந்தரம் என்று சுடச்சுடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மறுநாள் இரண்டு பஸ் மாறி, நடைபாதை இல்லாத தெருவில் ஸ்நோவுக்குள் கால் புதைய நடந்து, நாற்பது நிமிடம் பிந்திப் போனேன். சுப்பர்வைசர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வரத் தேவையில்லை என்றார். கழிவறைக்குள் போய் அழுதேன். அடுத்த வெள்ளிக்கு ஏழே நாட்கள் இருந்தன.

திங்கட்கிழமை அக்கா வந்தபோது அவருடைய மூக்கு சிவந்திருந்தது. நாங்கள் நால்வரும் ஏறியும் காரை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தான் தனியாகப் போனபோது கண்ணாடி பளிங்குபோல இருந்தது என்றார். அப்படியானால் பிழை காரில் இல்லை, எங்களில்தான் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்ததில், வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கம்பளித் தொப்பிகள் ஈரமாக இருப்பது நினைவுக்கு வந்ததாம்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான்கு பேருமே வெள்ளிக்கிழமை விடிய முழுகிவிட்டு விளக்கேற்றி வருகிறவர்கள். எனக்கோ இடுப்புவரை முடி. ஒரு மணிநேரத்தில் எங்கே காயப்போகிறது? முறுக்கிக் கட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு ஓடி வருவேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சப்பாத்து ஸ்நோவைப் பக்குவமாகத் தட்டிவிட்டு, நான்கு ஈரத் தலைகளைக் காருக்குள் கொண்டுவந்திருக்கிறோம்.

ஆனால் அந்த நேரம் எனக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எங்கள் முழுக்கைப் பற்றிப் பேச இவர் யார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தும்மினார். தும்மி முடித்துச் சொன்னார்:

"ஊகத்தில சொல்லி உங்கட சாமிக்காரியத்தில கைவைக்க எனக்கு மனமில்லை. அதான் நானே செய்து பாத்தன்."

சனிக்கிழமை காய்ந்த தலையோடு தன் வீட்டு வாசலில் நின்ற காரில், இஞ்சினையும் ஹீட்டரையும் ஓடவிட்டு அரைமணி நேரம் இருந்திருக்கிறார். கண்ணாடியில் ஒன்றுமில்லை. ஞாயிறு பூசைக்குப் போகுமுன் முழுகி, துவட்டாத தலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அதே சூட்டில் அதே அரைமணி நேரம் இருந்திருக்கிறார். பக்கக் கண்ணாடி மூடிவிட்டது. சளியும் தடிமனும் பிடித்துவிட்டன.

"முழுக வேண்டாம் எண்டு சொல்லேல்ல. காயவிட்டிட்டு வாங்கோ, நான் ஏத்துறன்."

கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, சரி அக்கா என்றேன். போனில் நான் சொன்னதைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடுத்தவரைக் குற்றம் சொல்லுமுன் தன் தலையை நனைத்துப் பார்க்கிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வழி முழுக்கக் கண்ணாடி தெளிவாக இருந்தது; ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, பக்டரி வாசலில் இறங்கினோம். வேலை தப்பியது. அன்று விடிய வழக்கத்துக்கு ஒரு மணிநேரம் முந்தி எழும்பி முழுகி, ட்ரையரால் முடியை உலர்த்திவிட்டு விளக்கேற்றினேன். முருகனிடம் எனக்கு எப்போதும் இரண்டு வேண்டுதல்கள்: கணவரின் முதுகு, என் வேலை. அன்று இரண்டையும் பின்னுக்கு வைத்துவிட்டு, அக்காவின் தடிமன் மாறவேண்டும் என்று முதலில் கேட்டேன்.