ஊர்க்காவலனுக்கு ஒரு அப்பீல்

ஆமத்தூர் பானுப்பிரியா, பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிறவள். அவளுடைய அண்ணன் ஊர்க்காவலனுக்கு வயது முப்பத்தாறு. அறிவில் ஆறோ ஏழோ. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவனுக்கு அவள்தான். தினமும் சோறு போட்டு வைத்து, தெருவைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கம்பெனி வேனில் ஏறுவாள்.

போன பங்குனியில் இரண்டு பேர் பரோட்டா வாங்கித் தருவதாக அவனை விருதுநகருக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு வத்தல் வியாபாரியின் பூட்டிய வீட்டில் ஓட்டைப் பிரித்து அவனை உள்ளே இறக்கி, கதவைத் திறக்கவைத்தார்கள். நகையோடு அவர்கள் போய்விட்டார்கள். "இங்கனயே இரு" என்று சொன்னதால் அவன் இருந்தான். காலையில் வேலைக்காரம்மா வந்து பார்த்தபோது ஃபேனுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

கூட வந்தது யாரென்று ஸ்டேஷனில் கேட்டதற்கு "அண்ணன்மாரு" என்றான். வேறு சொல்லத் தெரியவில்லை. கோர்ட்டில், குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்றதும் தலையாட்டினான். யார் எதைக் கேட்டாலும் ஆட்டுகிற தலை. இரண்டு வருஷம் போட்டார்கள்.

இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் ஜெயச்சந்திரன் தீர்ப்பைப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கும்மா. இனி குத்தமே செய்யலைன்னு வாதாட முடியாது. தண்டனையைக் குறைங்கன்னு அப்பீல்ல கேக்கலாம்."

"எங்கண்ணனுக்கு வெவரம் பத்தாதுன்னு பாத்தாலே தெரியுமே சார்."

"பேப்பர்ல இல்லையே. சின்ன வயசுல சர்டிபிகேட் எடுக்கலையா?"

எடுக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்துக்குச் சான்றிதழ் எதற்கென்று பெற்றவர்கள் இருந்துவிட்டார்கள். தீபாவளி சீசனில் லீவு போட்டு பானுப்பிரியா ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தாள். கடைசியில் டாக்டர் ரிப்போர்ட் வந்தது. குறைபாடு லேசானது, எளிய நன்மை தீமை புரியும் என்றிருந்தது. ஜெயச்சந்திரன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அப்பீல் கட்டோடு சேர்த்துக் கட்டினார்.

அப்பீல் விசாரணையன்று, ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று நீதிபதி வரவழைத்தார். மெலிந்து, முடி ஒட்ட வெட்டி வந்து நின்றான். பெயரைக் கேட்டார்.

"ஊர்க்காவலன், தகப்பனார் கருப்பணன், முன்னூத்தி முப்பத்தொண்ணு."

கடைசியில் சொன்னது அவன்மேல் போட்ட சட்டப்பிரிவு. ஜெயிலில் ஆள் கணக்கெடுக்கும்போது சொல்லப் பழக்கியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவன் இப்படித் தடுமாறாமல் பேசி பானுப்பிரியா கேட்டதில்லை.

அது வெறும் மனப்பாடம் என்று வக்கீல் எழுந்து சொன்னார். நீதிபதி கோபக்காரர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். பிறகு ரிப்போர்ட்டை இன்னொரு தடவை புரட்டினார். தன்மீதுள்ள வழக்கின் பிரிவையே சரியாகச் சொல்கிறவருக்கு நடந்தது புரியாமலில்லை, தண்டனையைக் குறைக்க முகாந்திரமில்லை என்று அப்பீலைத் தள்ளுபடி செய்தார்.

வராந்தாவில் போலீஸ்காரர் ஒரு நிமிஷம் நிற்கவிட்டார்.

"நல்லாச் சொன்னேனா பானு?"

"நல்லாச் சொன்னண்ணே."

"வீட்டுக்குப் போவமா?"

அவள் அவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அதற்குள் கூட்டிப்போய்விட்டார்கள்.

"ஹைகோர்ட்டுக்குப் போகலாம்மா," என்றார் ஜெயச்சந்திரன். "ஆனா நம்ம கேஸ் எடுக்கறதுக்குள்ள அவரு தண்டனையே முடிஞ்சிரும்."

"முடிஞ்சு வரட்டும் சார். அப்புறம் யாரு வீட்டுல களவு போனாலும் மொதல்ல இவனத்தான தேடி வருவாக."

மறுநாள் விடிகாலையில் அவள் வேன் ஏறினாள்.