பிஹெஸ்ட்டாம், பிஹெஸ்ட்!

இன்னைக்கு புந்தோங்ல எங்க கோயில் அன்னதானம். காலையிலயே செயலாளர் வாட்சாப் குரூப்ல இங்லீஷ்ல எழுதியிருந்தாரு. தலைவரோட 'பிஹெஸ்ட்' படி, பெண்கள் எல்லாரும் இருந்து அண்டா, குவாலிச் சட்டி எல்லாம் கழுவிட்டுத்தான் போகணுமாம்.

செயலாளர்கிட்ட நேர்லயே கேட்டேன். "பிஹெஸ்ட்னா என்னாண்ணே?"

"அன்பான வேண்டுகோள்மா"ன்னு சிரிச்சாரு.

போன்ல தேடுனா, கட்டளைன்னு போட்டிருக்கு! வந்துச்சு பாருங்க கோவம். தமிழ்ல 'கழுவுங்க'ன்னு எழுதக்கூட தைரியம் இல்ல.

"வேண்டுகோள்னா மாட்டேன்னு சொல்லலாம்தானே? மாட்டேன்"னு அவர்கிட்டயே சொல்லிட்டேன்.

பக்கத்துல வெங்காயம் நறுக்கிட்டு இருந்த கமலா அக்காவும், "நானும் மாட்டேன்லா"ன்னாங்க.

பந்தி முடிஞ்சதும் பெண்கள் எல்லாரும் கிளம்பிட்டோம். செயலாளரும் தலைவரும் வேட்டிய மடிச்சுக் கட்டி, குவாலி தேய்க்கிற படம் இப்பத்தான் குரூப்ல வந்துச்சு.

உங்க கோயில்ல இந்த வேலைக்கு என்னா இங்லீஷ் வெச்சிருக்காங்க?