அலமாரிக்குள் ஆறு மணி நேரம்

ஆணி என்றாலே தச்சருக்கு ஆகாது. "ஆணி அடிக்கிறவன் தச்சன் இல்லப்பா, சுவத்துல படம் மாட்டுறவன்" என்பார். ஒரு சட்டத்தில் உளியால் துளை போடுவார், இன்னொன்றில் நாக்கு செதுக்குவார், இரண்டையும் தலைமுடி நுழையாதபடி பொருத்துவார். பசை காயும்வரை மூட்டை இறுக்கிப் பிடிக்கிற மரக் கிளாம்புகளைக்கூடக் கடையில் வாங்காமல் தானே செய்துகொண்டவர். ஊரில் பாதி வீட்டுக் கதவு அவர் கைவேலைதான். அவர் வீட்டுக் கதவு மட்டும் கயிற்றை நம்பி நின்றது. மனைவியின் துணிமணியோ பத்தொன்பது வருஷமாக அட்டைப்பெட்டியில்.

கடைசியில் அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி வர்றா. அதுக்குள்ள எனக்கு அலமாரி நிக்கலைன்னா, அவளோட போயி இரும்பு பீரோ வாங்கிட்டு வந்துடுவேன்."

தச்சர் வீட்டில் இரும்பு பீரோ! அதற்கு ஆளை நடுத்தெருவில் நிற்கவைத்துச் செருப்பால் அடித்திருக்கலாம். மனிதர் அன்றிலிருந்து வேறு வேலையைத் தொடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் அலமாரிக் கூடு நின்றது. முதுகுப் பலகை, மேல்பலகை எல்லாம் மாட்டி, மூட்டுகளில் பசையும் தடவியாயிற்று. உள்மூலையில் வழிந்ததைத் துடைக்க உள்ளே புகுந்தார். பார்த்தால் ஒரு மூட்டு மயிரிழை விலகி நிற்கிறது! வெளியே வந்து நிதானமாகச் செய்ய அவருக்கு ஏது பொறுமை? கைக்கெட்டிய கிளாம்பை எடுத்து முன்பக்கம் குறுக்கே போட்டு, இடுக்கு வழியே கையை விட்டுத் திருகினார். கீழே சேர்ந்தது, மேலே விலகியது. இன்னொன்று போட்டார். இப்போது நடுவில் விலகியது. இப்படியே ஆறு. கடைசி மூட்டும் கச்சிதமாக உட்கார்ந்ததும், பெருமையோடு எழுந்து வெளியே வரப் பார்த்தார். கிளாம்புகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. அவர் தொப்பை மூன்று சாண்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"வேலை."

"வெளிய வாங்க."

"கிளாம்பைக் கழட்டினா மூட்டு விட்டுடும். பசை காய ஆறு மணி நேரம் ஆகும். குடிக்கத் தண்ணி குடு."

அவள் சிரித்த சிரிப்பில் கொண்டுவந்த செம்புத் தண்ணீர் பாதி தரையில் கொட்டிவிட்டது.

நாலு மணிக்குத் தங்கை பையும் கையுமாகப் பீரோக் கடைக்குக் கிளம்பி வந்தாள். கூண்டுக்குள் சம்மணம் போட்டிருந்த மாமாவைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"ஐயையோ, மாமா! இந்தத் திருகை ரெண்டு சுத்து சுத்தினா வெளிய வந்துடலாமே. இருங்க" என்று கையை நீட்டினாள்.

பசை பாதிதான் காய்ந்திருந்தது. மூட்டு விட்டால் அலமாரி போச்சு, கடையும் திறந்தே இருந்தது. தச்சர் மனைவியின் முகத்தையே பார்த்தார்.

அவள் தங்கையின் கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"தொட்டே, தெரியும் சேதி! பத்தொம்போது வருஷத்துல இன்னைக்குத்தான்டி இந்த மனுஷன் என் வேலையை விட்டு நகராம உக்காந்திருக்காரு. நல்லாக் காயட்டும்."